கில்ட் கட்டிக்கிட்டு பால் வாங்கப் போனா…

ஸ்காட்லாந்துல கில்ட் கட்டினா யாருப்பா திரும்பிப் பாக்கப் போறாங்கன்னு ஊர்ல இருக்கற நண்பர்கள் கேக்குறாங்க. ஒரு செவ்வாய்க்கிழமை காலைல கிளாஸ்கோ வந்து தெருவுல நின்னு பாருங்க மக்களே. நூறு பேர் போனா நூறு பேரும் ஜீன்ஸ், ஜாக்கெட், மழைக்கோட்டு. கில்ட்டைப் பாக்கணும்னா அதுக்குன்னு நாள் இருக்கு. கல்யாணம், பட்டமளிப்பு விழா, ஸ்காட்லாந்து ஆடுற ஃபுட்பால், ரக்பி மேட்ச், ஜனவரி 25ல வர்ற பர்ன்ஸ் நைட், நவம்பர் 30ல வர்ற புனித ஆண்ட்ரூ நாள். இது போக புக்கனன் தெருவுல டூரிஸ்டுக்காக பைப் வாசிக்கிறவர் கட்டியிருப்பார். அவ்வளவுதான். நம்ம ஊர்ல பட்டு வேட்டி எப்படியோ அப்படி.

அதனால சாதாரண நாள்ல ஒருத்தன் கில்ட் கட்டிக்கிட்டு பால் வாங்கப் போனா ஜனங்க பாப்பாங்க. அந்த ஒருத்தன் என்ன மாதிரி கருப்பா, மீசை வெச்ச தமிழ்ப் பையனா இருந்துட்டா, பாக்கறதோட நிறுத்த மாட்டாங்க. வந்து கேப்பாங்க. ரெண்டு வருஷமா பஸ்ஸ்டாப்பு, ரயிலு, லாண்டரி, லைப்ரரி வாசல்னு நான் வாங்கின கேள்விகளை வகை பிரிச்சு எழுதணும்னு ரொம்ப நாளா நெனைச்சுக்கிட்டு இருந்தேன். இன்னிக்குத்தான் நேரம் கெடச்சுது.

மொதல்ல, எனக்கு எதுக்கு கில்ட்? இங்க கேய்லின்னு ஒரு நடனக் கூட்டம் நடக்கும். (நம்ம 'கேலி' வேற, ஆனா எனக்கு ரெண்டும் சேர்ந்துதான் கெடச்சுது :-)) அதுக்குப் போறதுக்காக ஒரு பழைய துணிக்கடைல கில்ட் ஒண்ணு வாங்கினேன். புதுசா தைக்கக் குடுத்தா பல நூறு பவுண்டு ஆகும், நமக்குக் கட்டுப்படியாகாது. கனமான கம்பளித் துணி, முறைப்படி தைச்சா எட்டு கஜம். பின்பக்கம் மட்டும் இருபதுக்கு மேல மடிப்பு. முன்னாடி மடிப்பே இல்லாம ரெண்டு துணி ஒண்ணு மேல ஒண்ணு வந்து மூடும். எடை கிட்டத்தட்ட ரெண்டு கிலோ. குளிருமேன்னு கேப்பீங்க, கம்பளியும் மடிப்புமா சேர்ந்து இடுப்பைச் சுத்தி ஒரு போர்வை மாதிரி நிக்கும். முட்டிதான் பாவம். பாக்கெட் கெடையாது, அதுக்குத்தான் முன்னாடி தொங்குற ஸ்போரன்னு ஒரு தோல் பை. சில்லறை, சாவி, போன் எல்லாம் அதுல. ஒரு நாள் கட்டிப் பாத்தேன், சுகமா இருந்துச்சு. அப்புறம் வாரத்துல ரெண்டு நாளாவது கட்டறது வழக்கமாயிடுச்சு. இதுக்கு மேல பெரிய காரணம் எதுவும் இல்லீங்க.

சரி, கேள்விகளுக்கு வருவோம்.

கேள்வி 1: "யாருக்குக் கல்யாணம்?"

இதுதான் அதிகமா வர்றது. பஸ் ஓட்டுநர், கடைக்காரம்மா, லிஃப்டுல கூட வர்றவர், எல்லாரும் கேப்பாங்க. நம்ம ஊர்ல வெள்ளை வேட்டி கட்டிட்டு தெருமுனைக்குப் போனா "என்ன தம்பி, எங்க விசேஷம்?"னு கேக்குறாங்களே, அதே கேள்வி, அதே சிரிப்பு. இதுக்கு பதில் கண்டுபிடிக்க ரொம்ப யோசிக்க வேண்டியதில்ல. "யாருக்கும் இல்லீங்க, பால் தீந்துடுச்சு"ன்னு சொல்லுவேன். அவங்க சிரிப்பாங்க, நானும் சிரிப்பேன், பஸ் கெளம்பிடும்.

இங்க கிளாஸ்கோ பேச்சு வழக்கைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். வயசானவங்க நம்மளை "சன்"னு கூப்பிடுவாங்க. முன்னப்பின்ன தெரியாதவனையும் மகன்னு கூப்பிடுற ஊரு. நம்ம 'தம்பி' மாதிரி வெச்சுக்கலாம். ஆம்பளைங்க ஒருத்தரை ஒருத்தர் "பேல்"னுவாங்க, நண்பான்னு அர்த்தம். பொண்ணுங்களை "ஹென்"னு கூப்பிடுவாங்க, அதாவது கோழி. என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு மொத வாரம் இது கேட்டு பயங்கரக் கோவம். அப்புறம் அவளே காய்கறிக் கடைல "ஹென்"னு கூப்பிட்டா குளுந்து போயிடுறா. இப்படி முறை வெச்சுக் கூப்பிட்டு ஆரம்பிக்கற கேள்விக்கு நான் நின்னு பதில் சொல்லாமப் போனதே இல்ல.

கேள்வி 2: "எந்த கிளான்?"

கிளான்னா குலம், வம்சம்னு சொல்லலாம். கட்டத்தோட நிறமும் கோடும் பாத்து இன்ன குலம்னு சொல்லிடலாம்ங்கறது பொதுவான நம்பிக்கை. அந்தக் கட்டம் போட்ட நெசவுக்கு டார்டன்னு பேரு. நான் கட்டறது கரும்பச்சையும் கருநீலமுமா இருக்கற பிளாக் வாட்ச் டார்டன். அது ஒரு குலத்துக்குன்னு உள்ளது இல்ல, அரசாங்கப் படையோடது. அந்தப் படைப்பிரிவோட வேர் 1725ல மலைப்பகுதியக் காவல் காக்க அமைச்ச குழுக்கள்ல இருக்கு. யாரு வேணா கட்டலாம்னு கடைக்காரம்மா சொன்னதாலதான் நானும் இதை எடுத்தேன்.

இந்தக் கேள்வியக் கேக்கறவங்க பெரும்பாலும் நெஜமாவே தெரிஞ்சுக்க ஆசைப்படுறவங்க. அதனால நின்னு முழுசா பதில் சொல்லுவேன். ஏன்னா இதுல கதை நல்லா இருக்கு. 1745ல மலைநாட்டு ஆளுங்க நெறைய பேர் ஒரு கலகத்துல சேர்ந்து, அடுத்த வருஷம் ஏப்ரல்ல கலோடன்ல தோத்துப் போனாங்க. உடனே 1746ல லண்டன்ல ஒரு சட்டம் போட்டாங்க. ஆம்பளையோ பையனோ மலைநாட்டு உடுப்பு போடக்கூடாது. மொதல் தடவை மாட்டினா ஆறு மாசம் ஜெயில். ரெண்டாவது தடவைன்னா ஏழு வருஷம் நாடு கடத்தல். படைல இருக்கறவங்களுக்கு மட்டும் விலக்கு. 1782ல தான் இந்தச் சட்டத்தை எடுத்தாங்க. கிட்டத்தட்ட ஒரு தலைமுறையே இந்த உடுப்பில்லாம வளந்துடுச்சு.

குலத்துக்கு ஒரு டார்டன்ங்கற கணக்கு அதுக்கப்புறம் வந்ததுதான். 1815 வாக்குல லண்டன்ல இருந்த ஹைலேண்ட் சொசைட்டி, ஒவ்வொரு குலத்தலைவரும் அவங்கவங்க டார்டனை அனுப்புங்கன்னு கேட்டுச்சு. சில தலைவர்களுக்கு எது தங்களோடதுன்னே தெரியல. பானக்பர்ன்ல வில்சன்னு ஒரு நெசவுக் குடும்பம் இருந்துச்சு, டார்டன் நெசவுல பெரிய கை. அவங்க நம்பர் போட்டு வித்துக்கிட்டு இருந்த டிசைனுக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா குலப்பேரு ஒட்டிக்கிச்சு. 1822ல நாலாம் ஜார்ஜ் ராஜா எடின்பரோ வந்தப்ப, வரவேற்பு ஏற்பாடு எழுத்தாளர் வால்டர் ஸ்காட் கைல. வர்றவங்க எல்லாம் மலைநாட்டு உடுப்புல வாங்கன்னுட்டார். சமவெளி ஆளுங்க, அதுவரைக்கும் மலைக்காரன் உடுப்புன்னு ஒதுக்கி வெச்சவங்க, தையக்காரன் வாசல்ல வரிசை கட்டினாங்க. ராஜாவே கில்ட்டுக்குள்ள தோல் நிறத்துல இறுக்கமா ஒரு காலுறை போட்டுட்டு வந்து நின்னார். ஊரே சிரிச்சுது.

இதைச் சொன்னா கேக்கறவங்க முகம் மலரும். எடின்பரோ ரயில்ல ஒரு தாத்தா இந்தக் கதையக் கேட்டுட்டு, "அப்ப எங்க தாத்தாவோட தாத்தா கில்ட்டே கட்டியிருக்க மாட்டாரா?"ன்னார். அவரு சமவெளிக்காரர். "கட்டியிருக்க வாய்ப்பு கம்மிதாங்க"ன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்துட்டு, "பரவால்ல, நான் கட்டிக்கிட்டேன்"னு சொல்லிட்டு இறங்கினார். நான் கேட்டதுலயே நல்ல பதில் அதுதான்.

கேள்வி 3: "இது பாவாடைதான?"

இது கேள்வியே இல்ல, ஒரு கமெண்டு. பள்ளிக்கூடப் பசங்க சொன்னா சிரிச்சுட்டுப் போயிடலாம். எங்க அம்மாவே போட்டோ பாத்துட்டு "என்னடா பாவாடையக் கட்டிக்கிட்டு நிக்கற?"ன்னாங்க. அப்பா பக்கத்துல இருந்து எட்டிப் பாத்துட்டு, "வேட்டிய மடிச்சுக் கட்டின மாதிரிதான் இருக்கு. பெரியவங்க எதிர்ல வந்தா எறக்கி விடுவியா?"ன்னார். எறக்கி விட முடியாதுப்பா, தைச்சது. :-)

ஆனா இருவது, முப்பது வயசு ஆளு குடிச்சுட்டு வந்து இதையே சொல்லும்போது, பாவாடைங்கற வார்த்தைக்குள்ள பொம்பளைன்னா மட்டம்ங்கற நெனைப்புதான் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. அதுக்கு "இல்லீங்க, இது ஆம்பளை உடுப்பு, படைக்காரன் உடுப்பு"ன்னு வரலாறு சொல்லி நிரூபிக்கப் பாக்கறவங்க உண்டு. நான் அப்படிச் செய்யறதில்ல. அப்படி நிரூபிச்சா பாவாடை மட்டம்னு நானும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். "ஆமா, காத்தோட்டமா இருக்கு"ன்னு சொல்லிட்டு நடையக் கட்டுவேன்.

கேள்வி 4: "இது உன்னோட டிரெஸ்ஸா?"

இதை ரெண்டு விதமா கேப்பாங்க. சிலர் நெஜமாவே தயங்கித் தயங்கி, "வெளியூர்க்காரங்க கட்டினா உங்களுக்கு ஏதாவது சங்கடமா இருக்குமோ"ன்ற மாதிரி கேப்பாங்க. அவங்களுக்கு நல்ல பதில் இருக்கு. டார்டன்களுக்குன்னு அரசாங்கப் பதிவேடு இருக்கு. 2008ல சட்டம் போட்டு 2009ல ஆரம்பிச்சாங்க. புது டிசைன் போட்டு யாரு வேணா பதிவு பண்ணலாம். அதுக்கும் முன்னாடியே, 1999ல, சிங்னு ஒரு டார்டன் வந்துச்சு, ஸ்காட்லாந்து சீக்கியர்களுக்காக. 2008ல யூதர்களுக்குன்னு ஒண்ணு வந்துச்சு. தலப்பாவும் கில்ட்டுமா போற மாப்பிள்ளை ஊர்வலத்தை கிளாஸ்கோவுல நானே பாத்திருக்கேன். என்னா அழகு தெரியுமா!

இன்னும் சிலர் கேக்கறது வேற மாதிரி. போன குளிர்காலத்துல ஒரு நாள் சாயங்காலம் பஸ்ஸ்டாப்புல நின்னுக்கிட்டு இருந்தேன். நாப்பது வயசு இருக்கும் ஒருத்தர், மேல இருந்து கீழ வரைக்கும் என்னைப் பாத்துட்டு, "அது உன்னோடது இல்ல"ன்னார். கேள்வி கூட இல்ல. உடம்பு ஒரு மாதிரி ஜில்லுன்னு ஆச்சு. குளிரால இல்ல. சுத்தி ஆறேழு பேர் இருந்தாங்க. எல்லாரும் போனைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

இந்த மாதிரி நேரத்துல 1746, 1822ன்னு ஆரம்பிக்கக் கூடாது. அவருக்கு வேண்டியது பதில் இல்ல, நான் தலை குனியறது. அதனால குரலை ஏத்தாம, மொகத்தைப் பாத்து, "என்னோடதுதாங்க. காசு குடுத்து வாங்கினேன்"னு மட்டும் சொன்னேன். சொல்லிட்டு பஸ் வர்ற பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன். அவரு இன்னும் ஏதோ முனகினார். அப்ப பெஞ்சுல உக்காந்திருந்த ஒரு பாட்டி, கைல காய்கறிப் பை, நிமிந்து கூடப் பாக்காம, "விடுப்பா அவனை. உன் காலை விட அவன் காலு நல்லாத்தான இருக்கு"ன்னாங்க. பஸ்ஸ்டாப்பே சிரிச்சுருச்சு. அந்த ஆளும் வேற பக்கம் போயிட்டார். அந்தப் பாட்டி என்கிட்ட வேற எதுவும் பேசல, "பஸ் லேட்டு, சன்"னு மட்டும் சொன்னாங்க.

வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் யோசிச்சேன். நம்ம ஊர்லயும் உடுப்புக்கு வாசல் உண்டு. 2014 ஜூலைல சென்னைல ஒரு கிளப்புக்குள்ள வேட்டி கட்டிட்டு வந்தார்னு உயர் நீதிமன்ற நீதிபதி ஒருத்தரையே தடுத்தாங்க. அடுத்த மாசமே, வேட்டி கட்டினவரைத் தடுக்கக் கூடாதுன்னு சட்டசபைல சட்டம் போட வேண்டி வந்துச்சு. அங்க சொந்த உடுப்புல வந்தவரை வெளிய நிறுத்தினாங்க. இங்க அடுத்தவன் உடுப்பைக் கட்டினேன்னு என்னைக் கேக்குறாங்க. ரெண்டு எடத்துலயும் துணி ஒரு சாக்குதான். நீ இங்க நிக்கலாமா வேண்டாமான்னு நான்தான் முடிவு பண்ணுவேன்ங்கறதுதான் விஷயமே.

கேள்வி 5: "உள்ள என்ன போட்டிருக்க?"

இதுக்குத்தான் எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பீங்க. :-) கில்ட்டுக்கு உள்ள ஒண்ணும் போடக் கூடாது, அப்பத்தான் உண்மையான ஸ்காட்லாந்துக்காரன்னு இங்க ஒரு பழைய ஜோக் உண்டு. அதனால இந்தக் கேள்வி கேக்கறது ஏதோ ஒரு உரிமை மாதிரி ஆயிடுச்சு. இதுக்கு இங்க உள்ளவங்க தலைமுறை தலைமுறையா சொல்ற பதில்கள் இருக்கு. "ஷூவும் சாக்ஸும்"ங்கறது ஒண்ணு. நானும் அதைத்தான் சொல்லுவேன். கேட்டவங்க சிரிச்சுட்டு விட்டாங்கன்னா சரி.

விடாதவங்களும் இருக்காங்க. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில்ல வந்துக்கிட்டு இருந்தேன். அதே பெட்டில, கல்யாணத்துக்கு முன்னாடி தோழிங்க சேர்ந்து ஊர் சுத்துவாங்களே, அந்த மாதிரி ஒரு கூட்டம். எட்டு பேர் இருக்கும், நல்ல போதை. கேள்வி வந்துச்சு, பதில் சொன்னேன், சிரிச்சாங்க. மறுபடி கேட்டாங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அப்ப பின்னால இருந்து ஒரு கை வந்து கில்ட் ஓரத்தைப் புடிச்சுத் தூக்குச்சு. இன்னொருத்தர் கைல போன் ரெடியா இருந்துச்சு.

ஒரு கையால துணியை அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, எழுந்து நின்னு, பெட்டி பூராவும் கேக்குற மாதிரி "கைய எடுங்க"ன்னேன். அமைதி. "ஜோக்குதான, எதுக்கு இப்படி?"ன்னு ஒருத்தங்க. "எனக்கு ஜோக் இல்ல"ன்னேன். ரயில்வேக்காரம்மா டிக்கெட் பாத்துக்கிட்டே வந்தாங்க, என்னன்னு கேட்டாங்க, சொன்னேன். அவங்க அந்தக் கூட்டத்துக்கிட்ட ரெண்டே வார்த்தை பேசினாங்க. மீதி வழி பூரா சத்தமே இல்ல. நான் வேற பெட்டிக்குப் போகல, அங்கயே உக்காந்து வந்தேன். ஆனா கை நடுக்கம் நிக்க ரொம்ப நேரம் ஆச்சு.

மறுநாள் வகுப்புல இதைச் சொன்னேன். பசங்க சிரிச்சாங்க, "மச்சி, உனக்கு அதிர்ஷ்டம்டா"ன்னான் ஒருத்தன். பொண்ணுங்க ஒருத்தி கூட சிரிக்கல. "எந்த ரயிலு? எத்தன மணிக்கு?"ன்னு கேட்டாங்க. அப்புறம் அவங்கவங்க கதை வந்துச்சு. பஸ்ஸு, படிக்கட்டு, டவுன்லோடு ஆகிப் போன போட்டோ. அவங்க எந்தப் பக்கம் உக்காரணும், எந்தப் படில பை எங்க இருக்கணும்னு ஒவ்வொரு நாளும் கணக்கு போட்டுத்தான் வெளிய கெளம்புறாங்க. வாரத்துல ரெண்டு நாள் கில்ட் கட்டற எனக்கு அந்தக் கணக்கு ஒரு ராத்திரில கொஞ்சம் புரிஞ்சுது. எனக்கு மீதி அஞ்சு நாள் ஜீன்ஸ் இருக்கு. அவங்களுக்கு அப்படி லீவு நாள் கெடையாது.

தெரிஞ்சு வெச்சுக்க ஒரு விஷயம்: துணிக்கு அடில போன் வெச்சுப் படம் எடுக்கறது ஸ்காட்லாந்துல குற்றம்னு 2010லயே சட்டத்துல சேத்துட்டாங்க. இங்கிலாந்து, வேல்ஸ்ல 2019ல தனிச் சட்டம் வந்துச்சு. பாதிக்கப்பட்டது ஆணா பெண்ணான்னு சட்டம் வித்தியாசம் பாக்கறதில்ல. அதனால "ஆம்பளதான, என்ன போச்சு?"ங்கற பேச்சு எடுபடாது.

இப்ப கேள்வி வந்தா நான் செய்யறது இவ்வளவுதான். தெரிஞ்சுக்கக் கேட்டா நின்னு சொல்றேன், பஸ் போனாலும் பரவால்ல. சிரிக்கக் கேட்டா ஒரு வரில சொல்லி சேர்ந்து சிரிக்கறேன். என்னைச் சின்னதாக்கக் கேட்டா ஒரே ஒரு வாக்கியம், அதுக்கப்புறம் பேச்சே இல்ல. கை நீண்டுச்சுன்னா மட்டும் சத்தம். ரெண்டு வருஷத்துல கணக்குப் போட்டுப் பாத்தா மொத ரெண்டு வகைதான் ரொம்ப ரொம்ப அதிகம். கடைசி வகைக்குப் பயந்து கில்ட்டை மடிச்சு வெச்சிருந்தா அந்தத் தாத்தாவும் இல்ல, காய்கறிப் பை பாட்டியும் இல்ல.

நீங்களும் எங்கயாவது கில்ட் கட்டினவரைப் பாத்தா தாராளமா கேளுங்க. எத்தனை கஜம், எந்த டார்டன், மடிப்பு எத்தனைன்னு கேட்டா மனுஷன் குளுந்து போயிடுவார். உள்ள என்னன்னு மட்டும் கேக்காதீங்க. அதை ஏற்கனவே நாப்பது பேர் கேட்டாச்சு.

சரி, நாளைக்குக் கேய்லி இருக்கு. இருபத்து சொச்சம் மடிப்பையும் ஒண்ணொண்ணா இஸ்திரி போடணும். வர்ட்டா!